மலை மூடும் ஊர்

அந்தக் கல்லின் தடிமன் ஒரு விரலளவுகூட இல்லை. அடுப்பின் மீதிருந்த இரும்பு முக்காலியில் அதை வைத்து, கீழே விறகை நன்றாக எரியவிட்டு, கரைத்து வைத்திருந்த மாவை நண்பனின் தாயார் அகப்பையால் ஊற்றினார். எண்ணெய் ஒரு சொட்டுகூட விடவில்லை. சிறிது நேரத்தில் ஓரம் தானாகவே எழும்பியது. வெறும் கையால் திருப்பிப் போட்டுவிட்டு, "வேறு ஊர்க் கல்லை அடுப்பில் வைத்தால் வெடித்துவிடும், எங்கள் ஊர்க் கல் வெடிக்காது" என்றார். தலைக்கு மேலே கூரையில் வேயப்பட்டிருந்ததும் அதே கற்பலகைதான். மழையைத் தடுப்பதும் அப்பம் சுடுவதும் ஒரே மலையிலிருந்து பெயர்த்த கல்.

இது நடந்தது 2015 அக்டோபரில். அப்போது நான் யுன்னான் மாநிலத்தின் தாலி நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். தேசிய தின விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வகுப்புத் தோழன் என்னையும் அழைத்தான். அவன் ஊர் பிங்ஜோங்லுவோ. சீனாவின் தென்மேற்கு மூலையில், மேற்கே மியான்மரின் கச்சின் மாநிலத்தையும் வடக்கே திபெத்தையும் ஒட்டிக் கிடக்கும் கோங்ஷான் துலோங், நூ இனத் தன்னாட்சி வட்டத்தில் இருக்கிறது. சீனத்தில் நண்பனின் தாயை 'ஆயி' என்று அழைப்பார்கள். நமக்கும் பழகிய சொல்தான் என்பதால் எனக்கு அது முதல் நாளிலேயே நாவில் ஒட்டிக்கொண்டது.

சிறுபான்மை இனங்களின் பெயரால் அமைந்த இப்படிப்பட்ட தன்னாட்சி வட்டங்கள் சீனாவில் நூற்றுக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை மலைநாட்டில், செய்தியில் அடிபடாமல் கிடப்பவை. கோங்ஷானை நான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்த நீண்ட பெயருக்குள் அடங்காமல் வழிகிற வாழ்க்கையை அந்த ஒரு வீட்டு அடுப்படியிலேயே பார்த்துவிட்டதுதான்.

தாலியிலிருந்து பஸ்ஸில் நூஜியாங் மாவட்டத் தலைநகரான லியூகூ, அங்கே ஓர் இரவு, மறுநாள் விடிந்ததிலிருந்து நூ ஆற்றை ஒட்டியே வடக்கு நோக்கிப் பயணம். அந்த மாவட்டத்தில் அன்று ரயில் இல்லை, விமான நிலையம் இல்லை, அதிவேகச் சாலையும் இல்லை. வழியில் மண்சரிவு விழுந்து இரண்டு மணி நேரம் நின்றோம். பயணிகள் யாரும் பதறவில்லை. இறங்கிச் சூரியகாந்தி விதைகளைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருபுறம் காவோலிகோங் மலை, மறுபுறம் பிலுவோ பனிமலை, நடுவே ஆறு. நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு துண்டு நாடாவைப் போலத் தெரிந்தது. நூஜியாங் மாவட்டத்தின் நிலத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் மலையும் பள்ளத்தாக்கும்தான் என்று நண்பன் சொன்னபோது, மிச்சமிருக்கும் அந்த இரண்டு பங்கு எங்கே என்று வழியெங்கும் தேடினேன். கைக்குட்டையளவு மக்காச்சோளக் கொல்லைகள் செங்குத்தான சரிவில் தொங்கின. அங்கே உழுகிறவர் கால் இடறினால் ஆற்றில்தான் விழ வேண்டும்.

கோங்ஷான் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு. ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து சொச்சம் மீட்டர் உயரத்தில். சிகரங்கள் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும். கீழே வாழை வளரும் வெப்பம், மேலே கோடையிலும் உருகாத பனி. இங்கே 'தூரம்' என்பதைப் பக்கவாட்டில் அளப்பதில்லை. எதிர்க்கரையில் நின்று கூப்பிட்டால் குரல் கேட்கும் வீட்டுக்குப் போய்ச் சேர முன்பெல்லாம் அரை நாள் ஆகும் என்றார் ஆயி.

அந்த அரை நாளைச் சில நொடிகளாக்கியது கயிறு. ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் கொக்கியைக் கோத்து, உடலைத் தொங்கவிட்டு, சரசரவென்று வழுக்கிக்கொண்டு போவது. முன்பு மூங்கில் நாரால் முறுக்கிய கயிறு, பிறகு எஃகு வடம். ஆட்டையும் பன்றியையும் மூட்டையையும்கூட அப்படித்தான் கடத்தினார்கள். நூ மக்கள் இந்தக் கயிற்றுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அரோங் என்ற பெண் சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்துக் கயிற்றுப் பாலத்தைக் கண்டுபிடித்தாளாம். அவளை நினைத்து, சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 15-ஆம் நாள் காட்டுப்பூக்களை ஏந்திக் குகைகளுக்குப் போகிறார்கள். பாறையிலிருந்து சொட்டும் நீரை அவளுடைய பால் என்று சொல்லிப் பருகுகிறார்கள். ஆற்றைக் கடக்க வழி கண்டவளைத் தெய்வமாக்கிய மக்கள் அவர்கள். நான் போன ஆண்டில் வடங்களுக்குப் பதிலாகப் பாலங்கள் கட்டும் அரசுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பஸ் ஜன்னலோரம் நான் பார்த்த ஒரு வடத்துக்கு அருகிலேயே புதுப் பாலத்தின் தூண்கள் எழுந்து நின்றன.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

'துலோங், நூ இனத் தன்னாட்சி வட்டம்' என்று படித்துவிட்டுப் போகிறவர் அங்கே எங்கும் துலோங் மக்களும் நூ மக்களும்தான் இருப்பார்கள் என்று எண்ணுவார். உண்மையில் அங்கே எண்ணிக்கையில் முதலிடம் லிசு மக்களுக்கு. ஏறத்தாழ வட்டத்தின் பாதிப் பேர் அவர்கள்தான். அவர்கள் பெயர் வட்டத்தின் பெயரில் இல்லை, ஏனென்றால் மேலே இருக்கும் மாவட்டமே 'நூஜியாங் லிசு தன்னாட்சி மாவட்டம்'. தன்னாட்சிக்குள் ஒரு தன்னாட்சி. வட்டம் பிறந்தது 1956 அக்டோபர் 1 அன்று. தன்னாட்சிச் சட்டப்படி வட்டத் தலைவர், வட்டத்தின் பெயரில் உள்ள இனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளருக்கு அந்த விதி கிடையாது, அதிகாரத்தின் கனமோ அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. பெயரைக் கொடுப்பது ஒன்று, பிடியைக் கொடுப்பது வேறொன்று என்பதை நான் அங்கேதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

'நூ' என்ற பெயரே ஒரு கூரையின் கீழ் நான்கு குடும்பங்களை உட்கார வைத்ததைப் போன்றது. கோங்ஷானில் இருப்பவர்கள் தங்களை அலோங் என்கிறார்கள். தெற்கே ஃபூகோங்கில் இருப்பவர்கள் அனோங். இன்னும் தெற்கே நூசு. லான்பிங்கில் ரோருவோ. நால்வர் பேசுவதும் வெவ்வேறு மொழி. ஆயியின் கணவர் பேசும் அலோங் மொழி, தெற்கே உள்ள 'நூ' சகோதரர்களுக்குப் புரியாது. மேற்கு மலைக்கு அப்பால் இருக்கும் துலோங் மக்களுக்கோ பெரும்பாலும் புரியும். மொழியைக் கேட்டுப் பிரித்திருந்தால் இந்த இரண்டு பெயரும் ஒரு பெயராகியிருக்கும். 1950களில் இனங்களை வகைப்படுத்த வந்தவர்கள் முன் நாடு முழுவதிலிருந்தும் நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து நின்றன. அவற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை யுன்னானிலிருந்து வந்தவை. கடைசியில் மிஞ்சியவை 56. அந்தப் பணி எளிதாக இருந்திருக்காது. ஆனால் பட்டியலில் ஒரு வரியாகிப்போனவர்களின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, எனக்கு அந்த எண்ணை வாசிக்கும்போதெல்லாம் விடுபட்ட பெயர்களே நினைவுக்கு வருகின்றன.

துலோங் மக்களைப் பழைய ஆவணங்கள் 'சியுத்சு' போன்ற, வெளியார் வைத்த பெயர்களால்தான் குறித்தன. 1952-இல் அவர்களின் தலைவர் கோங் ஜிச்சிங் பெய்ஜிங்கில் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தபோது, தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அதுவே பெயராகட்டும் என்று முடிவானது. அவரே பின்னர் வட்டத்தின் முதல் தலைவரானார். 2020 கணக்கெடுப்பில் சீனா முழுவதிலும் துலோங் மக்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். எங்கள் ஊரின் ஒரு தெருத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் அது. அவ்வளவு பேர்தான் ஒரு மொழியையும், ஒரு நெசவையும், ஓர் ஆண்டுப் பிறப்பையும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆயி திபெத்தியப் பெண். கணவர் நூ. மாமியார் கத்தோலிக்கர். ஆயியின் அறையில் புத்தர் படம், கூடத்தில் மாதா படம். யாரும் யாரையும் மாற்றச் சொன்னதில்லை. ஊருக்குள் புஹுவா மடாலயமும் இருக்கிறது, சோங்திங் தேவாலயமும் இருக்கிறது. 1937-இல் இறந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜெனெஸ்தியேவின் கல்லறை தேவாலயத்தை ஒட்டியே உள்ளது. அவரை அனுப்பியது பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை. புதுச்சேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அதே சபைதான். லிசு மக்களிடம் வந்தது புராட்டஸ்டன்ட் சபை. ஃபிரேசர் என்ற மிஷனரியும் கரேன் இனத்தவரான சாரா பா தாவும் சேர்ந்து, ரோமன் பெரிய எழுத்துகளை நேராகவும் தலைகீழாகவும் திருப்பி வைத்து லிசு மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். வழியில் ஒரு கிராமத்து ஆலயத்திலிருந்து கேட்ட நான்கு குரல் பாட்டை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வேன். இசைக்கருவி ஒன்றும் இல்லை; பகலெல்லாம் கொல்லையில் குனிந்து நிமிர்ந்தவர்கள், மாலையில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆயி நான்கு மொழி பேசுவார். கணவரோடு நூ, தன் தங்கையோடு திபெத்தியம், சந்தையில் லிசு, என்னோடு சீனம். பள்ளிக்கூடம் மூன்று வகுப்பு.

துலோங் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. எல்லைப் பகுதி, நான் வெளிநாட்டவன். அதற்குப் பதிலாக, ஓய்வுபெற்ற துலோங் ஆசிரியர் ஒருவரை வட்டத் தலைநகரில் சந்திக்க நண்பன் ஏற்பாடு செய்தான். அவர் பேச்சில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: 'மலை மூடியது', 'மலை திறந்தது'. டிசம்பரில் பனி விழுந்து காவோலிகோங் கணவாய் அடைபட்டால் மலை மூடியது. மே, ஜூனில் பனி இளகினால் திறந்தது. இடைப்பட்ட அரை ஆண்டில் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. 1964-இல் கோவேறு கழுதைகள் போகும் 65 கிலோமீட்டர்ப் பாதை வந்தது. அரசின் கழுதைப் படை, பனிக்கு முன்பாக ஆறு மாதத்துக்கான அரிசியையும் உப்பையும் மருந்தையும் உள்ளே கொண்டுபோய்க் கொட்டும். கழுத்து மணிச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடமே வெளியே ஓடிவரும் என்றார். ஒரு குளிர்காலத்தில் அவர் தாயார் இறந்தார். அவர் அப்போது மலைக்கு இந்தப் பக்கம் பயிற்சியில் இருந்தார். செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது ஜூனில். அதைச் சொல்லிவிட்டுத் தேநீரை நிரப்பினார். நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

1999-இல் கரடுமுரடான மோட்டார் சாலை வந்தது. ஆனாலும் பனி அதை மூடியது. 2014 ஏப்ரலில் மலையைக் குடைந்து 6.68 கிலோமீட்டர் சுரங்கம் மறுபக்கம் திறந்தபோதுதான் 'மலை மூடியது' என்ற சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. நான் அவரைச் சந்தித்தது அதற்கு அடுத்த ஆண்டு. சாலைகளும் சுரங்கங்களும் பழைய வாழ்வைக் குலைத்துவிட்டன என்று வெளியிலிருந்து வருத்தப்படுபவர்களிடம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. அந்த வருத்தத்துக்கு, ஜூனில் தாயின் சாவுச் செய்தி கேட்ட மனிதரின் முன் நிற்கும் தகுதி கிடையாது.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் தேடுவது முகத்தில் பச்சை குத்திய மூதாட்டிகளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முள்ளாலும் பானைக் கரியாலும் குத்துவார்கள். ஆற்றின் மேற்பகுதியில் முகம் முழுவதும், கீழ்ப்பகுதியில் மோவாய் மட்டும். அடிமையாகப் பிடித்துச் செல்ல வருபவர்களிடமிருந்து தப்பவே இந்தப் பழக்கம் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. பழக்கம் நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நான் போனபோது எஞ்சியிருந்தவர்கள் சில டஜன் பேர். அவர்களின் படத்தைச் சுற்றுலாப் பதாகையில் ஆளுயரத்துக்கு அச்சடித்திருந்தார்கள். வலியைப் பொறுத்துக்கொண்ட ஒரு சிறுமியின் முகம் அது. அதன் கீழே விடுதி விளம்பரம் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி வயிற்றுப்பாடு. துலோங் மக்கள் முன்பு புனம் எரித்து வேளாண்மை செய்தவர்கள். மக்காச்சோளம், பக்வீட், தினை. ஓரிரு ஆண்டு விளைந்ததும் அந்த நிலத்தில் ஆல்டர் மரங்களை வளரவிட்டு வேறிடம் போவார்கள். ஆல்டர் வேரில் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் மரம். மண் தேறியதும் திரும்பி வருவார்கள். புனம் எரிப்பவன் காட்டை அழிப்பவன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோர் இந்த ஆல்டர் கணக்கை அறியாதவர்கள். 2000களின் தொடக்கத்தில் சரிவு நிலங்களைக் காட்டுக்கே திருப்பும் அரசுத் திட்டம் வந்தது. புனம் நின்றது; பதிலாக அரிசி வழங்கப்பட்டது. காடு பிழைத்தது. ஆனால் விதைக்கத் தெரிந்த கைகள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தது சாவோகுவோ என்ற ஏலக்காய் வகை. நம்மூர்ப் பச்சை ஏலக்காயின் உறவு. பிரியாணிக்குப் போடும் கருப்பு ஏலக்காய்க்கு இன்னும் நெருங்கிய சொந்தம். சீனத்து இறைச்சிக் குழம்பு இதில்லாமல் மணக்காது. வட்டத்தின் முன்னாள் தலைவரும் துலோங் இனத்தவருமான காவோ தெரோங், 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தானே நட்டுப் பார்த்து, பிறகு வீடு வீடாகக் கற்றுக்கொடுத்தார். 2019-இல் சீன அரசு அவருக்கு 'மக்களின் முன்மாதிரி' என்ற உயர் பட்டத்தை வழங்கியது. பெரிய பதவிகளைவிட ஊரில் இருப்பதையே விரும்பியவர் என்று அந்த ஆசிரியர் பெருமையோடு சொன்னார்.

திரும்பும் வழியில் பூலாதி பக்கம் நண்பனின் மாமா வீட்டில் அறுவடையைப் பார்த்தேன். செடி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. காயோ தரையோடு தரையாக, வேரை ஒட்டி, கைப்பிடி அளவுக் கொத்தாகச் சிவந்து கிடக்கிறது. இலைச்சருகை விலக்கினால்தான் தெரியும். கத்தியால் கொத்தோடு அறுத்து மூங்கில் கூடையில் போட்டு, கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறார்கள். மாமி சுமந்து வந்த கூடையை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். இரண்டடி வைப்பதற்குள் கழுத்து நடுங்கியது. வீட்டின் பின்னால் தட்டிமேல் பரப்பி, கீழே விறகு மூட்டி இரவு பகலாக உலர்த்துகிறார்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகும். புகையும் கற்பூரமும் கலந்த ஒரு வாடை ஆடையில் ஏறினால் நாலு துவைப்புக்கும் போகாது.

இந்தப் பயிரின் பெரிய குணம், இதற்கு நிழல் வேண்டும். மரத்தை வெட்டினால் செடி கருகும். ஆகவே காட்டை வைத்துக்கொண்டே காசு பார்க்கலாம். 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த 'மூன்று இணை ஆறுகள்' பகுதிக்குள் வரும் மலைகள் இவை என்பதால் இது மிக முக்கியம். அதன் பெரிய குறை, எல்லோரும் இதையே நட்டுவிட்டார்கள். நூஜியாங் மாவட்டம் முழுவதும் சேர்த்துப் பத்து லட்சம் மூவுக்கு மேல். ஒரு மூ என்பது ஏறத்தாழ பதினாறரை சென்ட். பூக்கும் பருவத்தில் ஒரு பின்பனி விழுந்தால் அந்த ஆண்டு காய் இல்லை. எல்லா ஊரிலும் நன்றாகக் காய்த்தால் விலை இல்லை. உலர்த்துவதற்கு எரிக்கும் விறகும் அதே காட்டிலிருந்துதான் வருகிறது. புனத்தில் தினை பொய்த்தால் மக்காச்சோளம் இருந்தது. சாவோகுவோ பொய்த்தால் என்ன இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். "பையன் குவாங்தோங்கில் தொழிற்சாலையில் இருக்கிறான்" என்றார். 2018 இறுதியில் துலோங் இனம் முழுவதும் வறுமையிலிருந்து மீண்டதாக அரசு அறிவித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. புது வீடுகளும் மருத்துவமும் இணையமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த மகிழ்ச்சியோடு மாமாவின் பதிலும் சேர்ந்தே மனத்தில் இருக்கிறது.

பூலாதியின் சரிவுகளில் இன்னொன்றும் கண்டேன். 2010 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் இறங்கிய சேறும் பாறையும் விட்டுச்சென்ற வெளிறிய தழும்பு. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். மாமா அதைச் சுட்டிக் காட்டவில்லை. நண்பன்தான் மெல்லச் சொன்னான்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் நூ ஆற்றில் 13 அணைகள் கட்டும் திட்டம் வந்தது. பட்டியலில் பிங்ஜோங்லுவோவும் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது, 2004-இல் பிரதமர் வென் ஜியாபாவ் அதை நிறுத்தி வைத்தார். அதனால்தான் நான் அந்த ஆற்றை அதன் சொந்தக் குரலோடு கேட்க முடிந்தது. இந்த ஆறுதான் மியான்மருக்குள் சால்வீன் என்ற பெயரில் ஓடி மௌல்மீன் அருகே கடலில் கலக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் துலோங் ஆறு ஐராவதியில் சேர்கிறது. இரண்டும் நம் செட்டிநாட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த தண்ணீர். ஐராவதிக் கழிமுகத்து நெல்லுக்குக் கடன் கொடுத்தவர்கள், மௌல்மீனில் கடை வைத்திருந்தவர்கள், அந்த நீர் எந்தப் பனியிலிருந்து புறப்பட்டது என்று யோசித்திருப்பார்களோ தெரியாது. ஆயியிடம் வரைபடத்தைக் காட்டி, இந்த ஆறு போய்ச் சேரும் கடலின் மறுகரையில்தான் என் ஊர் என்றேன். விரலால் கோட்டைத் தொடர்ந்து கடல் வரை போனார். "அப்படியானால் நீ ஆற்றுக்கு எதிராக ஏறி வந்திருக்கிறாய்" என்றார்.

கிளம்பும் நாளில் உலர்ந்த சாவோகுவோ ஒரு பொட்டலமும், வழிக்குக் கல்லப்பமும் தேனும் கட்டிக் கொடுத்தார். நண்பன் இப்போது லியூகூவில் மருத்துவன். சாலை அகலமாகிவிட்டது, வீட்டுக்கு அரை நாளில் போய்விடலாம் என்கிறான். அவன் மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் ஒரு காணொளி அனுப்பினான். அடுக்குமாடி வீட்டின் எரிவாயு அடுப்பில் அந்தக் கற்பலகை. ஆயி மாவை ஊற்றிவிட்டுக் கல்லைச் சுட்டி நூ மொழியில் ஒரு சொல்லைச் சொல்கிறார். குழந்தை சீனத்தில் பதில் சொல்கிறது. ஆயி தலையசைத்து மீண்டும் அதே சொல்லைச் சொல்கிறார். மூன்றாம் முறை குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும்போது அப்பத்தின் ஓரம் எழும்புகிறது. அவர் கை அதைத் திருப்பப் போகிறது.